தலைகீழாய் நின்ற துப்பாக்கி

47-வது தெரு, ரங்கூன்
1926 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை

நாகூரில் இருக்கும் அண்ணன் சாதிக் பாட்சா அவர்களுக்கு, ரங்கூன் நீலாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் ரஹீமாவும் உடல்நலத்தோடு இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். இங்கே நானும் மகன் அப்பாசாமியும் மருமகளும் சுகம். இந்த வருடம் மழை வழக்கத்தைவிட இரண்டு வாரம் கூடுதலாக நின்று பெய்து, சுவரெல்லாம் பூஞ்சைக் காளான். இப்போதுதான் வெயில் கண்டோம்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைப் பிரிக்காமல் ஓரமாக வைக்கத் தோன்றியிருந்தால் அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஓராண்டாக உங்களோடு ஒரு வார்த்தை பேசாதவள் நான். ஜூன் மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கப்பலேறும் முன் விடை பெற வந்தீர்கள். அப்போதும் பூஜையில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினேன். நான் பூஜையில் இல்லை. சன்னலுக்குப் பின்னால் நின்று, நீங்கள் குடையை மடக்கி, கையிலிருந்த எண்ணெய்ப் புட்டியை வேலைக்காரி செல்லக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் சொல்லிவிட்டே மற்றதை எழுத வேண்டும்.

முதலில் செய்தி. என் வீட்டுக்காரருடைய இரட்டைக் குழல் துப்பாக்கி போன செவ்வாய்க்கிழமை வீடு திரும்பிவிட்டது. உரிமம் என் பெயரில்.

உரிமம் பெற்றவர் இறந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். காரியம் முடிந்த மறுநாளே அப்பாசாமி அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். ஓராண்டுக்குள் குடும்பத்தில் யாராவது உரிமம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஏலம் என்று கெடு வைத்தார்கள். அப்பாசாமி வாங்க மாட்டேன் என்றான். உங்களுக்கு அவனைத் தெரியும். சின்ன வயதில் மாவ்பி வயலுக்கு வேட்டைக்குக் கூட்டிப்போனபோது, முதல் வெடிச் சத்தத்திலேயே வண்டிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டவன். அரிசி ஆலையில் நல்ல எழுத்தர், நல்ல பிள்ளை, ஆனால் துப்பாக்கிக்கு ஆகாது. நானே விண்ணப்பம் போடுகிறேன் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா, வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டுத் துப்பாக்கி தூக்கினா தெருவுல என்ன பேசுவாங்க?" என்று கேட்டான். கையில் துப்பாக்கி இருந்தால் உரக்கப் பேச மாட்டார்கள் என்றேன்.

செப்டம்பரில் உரிம அலுவலகத்துத் துரை என்னைக் கூப்பிட்டார். இளம் வயது, நல்ல தையல் சட்டை, மேசையெல்லாம் தூசி. அறுபத்து மூன்று வயதுப் பெண்மணிக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டார். மாவ்பியில் எங்களுக்கு எட்டு ஏக்கர் நெல் வயல் இருக்கிறது, அங்கே வரும் காட்டுப்பன்றிகள் என் வயதைக் கேட்பதில்லை என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். நான் படித்த மௌல்மீன் கன்னியர் மடத்துப் பள்ளி ஆங்கிலம் அவரைச் சற்று நிமிர்ந்து உட்கார வைத்தது. கையாளத் தெரியுமா என்று தம்முடைய துப்பாக்கியையே அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினார். வாங்கியவுடன் மடக்கித் திறந்து தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு குழலைக் கழற்றிச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வலது குழல் பரவாயில்லை, இடது குழலைத் துடைத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றேன். அவர் காது வரை சிவந்துபோய், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பரிந்துரை எழுதினார். நீங்கள் அங்கே இருந்திருந்தால் சிரிப்பை அடக்க இருமியிருப்பீர்கள்.

உரிமம் கைக்கு வரும் வரை எனக்கிருந்த கவலை வேறு. ஒரு முழு மழைக்காலம். ரங்கூன் மழையில் தைத்து வைத்த செருப்பே முளைத்துவிடும். காவல் நிலைய அறையில், யார் தொட்டார்களோ தொடவில்லையோ, அவர் இருபத்தெட்டு வருடம் தோளில் வைத்த பொருள் என்ன கதியில் இருக்குமோ என்று நினைத்துத் தூக்கம் கெட்டது. குழலுக்குள் துரு ஏறி அரித்திருந்தால், உரிமத்தை வைத்துக்கொண்டு நான் செய்ய என்ன இருக்கிறது? அது அப்புறம் சுவரில் மாட்டும் ஓர் இரும்பு.

செவ்வாய்க்கிழமை அப்பாசாமியோடு போனேன். ஆயுத அறைக்குப் பொறுப்பு கபீர் என்பவர். பரங்கிப்பேட்டைக்காரர், நரைத்த மீசை. அறையைத் திறந்து உள்ளே காட்டினார். சுவரோரம் இருபது, முப்பது துப்பாக்கிகள், எல்லாம் குழல் மேல் நோக்கி, படையில் நிற்பவர்களைப் போல. ஒன்றே ஒன்று மட்டும் கோடியில், மடித்த துணியின்மேல், குழல் வாய் கீழே இருக்கத் தலைகீழாய் நின்றது.

அண்ணா, நேரே அதனிடம் போனேன்.

அந்த வழக்கம் எங்கள் வீட்டில் மட்டும்தான். குழல் மேலே இருந்தால் எண்ணெய் மெல்ல இறங்கிக் கட்டையில் ஊறும், மரம் இளகிப்போகும், அதனால் தலைகீழாய்த்தான் நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். நீங்களும் அவரும் எத்தனை கேலி செய்தீர்கள். "தங்கச்சியம்மா, இது துப்பாக்கியா, வௌவாலா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பீர்கள். அப்பாசாமிக்கு அது தெரியாது. அவன் கொடுத்துவிட்டு வந்ததோடு சரி.

யார் இப்படி வைத்தது என்று கபீரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சிரியம் எண்ணெய் ஆலை பாய்தாம்மா. ஞாயித்துக்கிழமை ஆனா ஆத்தைத் தாண்டிப் படகுல வந்துருவாரு, கையில புட்டியோட. அவரே கழட்டி, துடைச்சு, எண்ணெய் போட்டு வச்சுட்டுப் போவாரு. ஊருக்குப் போறப்ப ஆறு புட்டி குடுத்து, எனக்கு எல்லாம் காட்டிக் குடுத்துட்டுப் போனாரு. அந்தம்மா ஒரு நாள் வருவாங்க, துருப் பார்த்தாங்கன்னா உன் தோலை உரிச்சுப்புடுவாங்கன்னாரு. நானும் பயந்துகிட்டு ஒரு வாரம் விடல." இதைச் சொல்லிவிட்டு, தோல் தப்பித்ததா என்று கேட்பவரைப் போல என்னைப் பார்த்தார்.

குழலைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். கண்ணாடி. உட்புறம் வளையம் வளையமாக மின்னியது. விசைப் பகுதியில் எண்ணெய் அளவாக இருந்தது, அதிகமில்லை. மடத்துப் பள்ளியில் மாதா கோயில் மெழுகுவத்தித் தண்டுகளைத் துலக்கக் கற்றுக்கொடுத்த மதர், என் வேலையை ஒரு தடவைகூட நன்று என்று சொன்னதில்லை. நானும் உங்கள் வேலையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நன்று. நான் துடைத்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாக இருந்திருக்காது.

உலகமெல்லாம் துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயை ரங்கூன் எண்ணெய் என்கிறார்கள். ரங்கூனிலேயே குடியிருந்துகொண்டு, கல்யாண வீட்டுக் குத்துவிளக்குப் போல எங்கள் துப்பாக்கிக்குத் தேங்காயெண்ணெய் பூசி, விசையெல்லாம் பிசினாக்கி வைத்திருந்தோம் நாங்கள் இருவரும். நீங்கள் சிரியத்திலிருந்து முதல் புட்டியோடு வந்து, அதை முகர்ந்து பார்த்து, "மச்சான், இதுல அப்பளம் பொரிக்கலாம்" என்றீர்கள். அப்படித்தான் நம் பழக்கம் தொடங்கியது. அதன் பிறகு எத்தனை மாவ்பிப் பயணம். வரப்பில் உள்ளான் பறவை சுடுபட்டு விழுந்ததும், உயிர் போவதற்குள் அறுக்க வேண்டும் என்று கத்தியோடு சேற்றில் நீங்கள் ஓடுவதும், அவர் பின்னால் நின்று, "ஓடு மச்சான், உனக்கு முன்னாடி அது மௌத்தாயிடப் போவுது" என்று கத்துவதும், ரஹீமா அடுப்பை ஊதிக்கொண்டே, பறவையைவிட மனிதன்தான் அதிகம் களைத்து வருகிறான் என்பதும் எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. நான் இப்போது மாமிசம் தொடுவதில்லை. ஆனால் அந்த மணம் நினைவிருக்கிறது.

இனி, எழுதக் கடினமான பகுதி.

துப்பாக்கி வந்த அன்று மாலை அவருடைய வேட்டைப் பையைப் பரணிலிருந்து இறக்கினேன். கடைசிப் பயணத்துக்குப் பிறகு அதை நான் திறக்கவில்லை. நான் எண்ணி வைத்த இருபது தோட்டாவும் அப்படியே இருந்தன. ஒன்றைக்கூட அவர் சுடவில்லை. அடியில், துணியில் சுற்றி, உங்கள் கத்தி.

கடைசிப் பயணத்தில் அவர் பையிலேயே தங்கிவிட்ட அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். காரியத்தின்போது நீங்கள் கேட்க வாயெடுத்ததும், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஈரத் துணியோடு பரணில் போட்டுவிட்டேன். ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்தது. அதன் அலகைத் துணியிலிருந்து பிரித்தெடுத்தேன். முனை முதல் பிடி வரை செந்துரு. துருவுக்காக உங்களையும் அவரையும் எத்தனை ஞாயிறு நிற்க வைத்துக் கண்டித்திருப்பேன். என் பொருளை வாரந்தவறாமல் ஆறு கடந்து வந்து நீங்கள் காப்பாற்றினீர்கள். உங்கள் பொருளை என் கூரைக்கடியிலேயே நான் துருவேற விட்டேன்.

அந்தக் கடைசிப் பயணத்தன்று காலை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நம் இருவருக்கு மட்டுமே தெரிந்தது. நீங்கள் வாசலில் வந்து நின்று அவரைப் பார்த்துவிட்டு, "தங்கச்சியம்மா, மச்சான் முகம் சரியில்லையே, அடுத்த ஞாயிறு போய்க்கலாமே" என்றீர்கள். சோறு கட்டியாகிவிட்டது, பை கட்டியாகிவிட்டது, கட்டியதை அவிழ்ப்பது எனக்குப் பிடிக்காது என்று நான்தான் சொன்னேன். பையை அவர் கையில் கொடுத்தபோது அந்தக் கை சுட்டது. அறிந்தேதான் கொடுத்தேன். வேட்டைப் பருவத்துக்காக எட்டு மாதமாகக் காத்திருந்தவருக்கு ஒரு நாள் வயல் காற்று நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது நாள் காய்ச்சலில் அவர் போய்விட்டார். பிறகு காரியத்தன்று, நாற்பது பேர் கூடியிருந்த முற்றத்தில், நல்லபடியாக இருந்தவரைக் கூட்டிப்போய் இப்படியா கொண்டுவந்தீர்கள் என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேரும் என் பக்கம் திரும்பியிருப்பார்கள். நீங்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தலையைக் குனிந்து, பழியை வாங்கிக்கொண்டு போனீர்கள். அடுத்த ஞாயிறே காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறீர்கள். கபீரின் பதிவேட்டில் தேதி பார்த்தேன்.

நேற்று அப்பாசாமியையும் மருமகளையும் உட்கார வைத்து, அன்று காலை வாசலில் நீங்கள் சொன்னதையும் நான் சொன்னதையும் சொல்லிவிட்டேன். அன்று முற்றத்தில் இருந்தவர்களில் தெருவில் கண்ட மூன்று பேரிடமும் சொன்னேன். மற்றவர்களுக்குப் பவுனம்மாள் சொல்லிக்கொள்வாள். அவளை உங்களுக்குத் தெரியும், தபாலைவிட வேகம். அப்பாசாமி, "மாமாவுக்கு எழுதுங்கம்மா" என்றான். அவன் சொல்லும் முன்பே மையைக் கரைத்து வைத்திருந்தேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

ஜூனில் நீங்கள் கொடுத்துவிட்டுப் போன புட்டியை இப்போதுதான் திறந்தேன். கத்தியை அதில் இரண்டு நாள் ஊற வைத்து, சாம்பலும் துணியுமாகத் தேய்த்தேன். அலகு வெளுத்துவிட்டது, பிடி இறுகிவிட்டது, கூர் தீட்டியாயிற்று. பிடிக்கு அருகில் அரிசியளவு ஓர் அரிப்பு மட்டும் போகவில்லை. இன்னும் தேய்த்தால் அலகு மெலியும் என்று நிறுத்திக்கொண்டேன். அது இருக்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியதுதான்.

தபாலில் கத்தி அனுப்பக்கூடாது என்கிறார்கள். அனுப்பலாம் என்றாலும் நான் அனுப்பப்போவதில்லை.

மாவ்பியில் அறுவடை தொடங்கிவிட்டது. உள்ளான் இறங்கியிருப்பதாக பர்மிய வயல்காரர் ஊ-போ-தான் சொல்லி அனுப்பினார். துப்பாக்கி என் அறை மூலையில், குழல் வாய் கீழே நிற்கிறது. இன்னும் தோட்டா போடவில்லை. அந்த இருபதும் பையிலேயே இருக்கின்றன. கியாக்தானில் உட்கார்ந்திருந்த வாத்தைத் தவறவிட்டவருக்கு முதல் குறி கொடுக்க எனக்கு மனமில்லைதான், ஆனாலும் கொடுக்கிறேன். ரஹீமாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, தெரியும். வெயில் மாதத்துக்குள் கடல் அமைதியாகிவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கீழ் அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்.

வர இயலாவிட்டால் ஒரு வரி எழுதுங்கள். வௌவால் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

ஆண்டவன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், உங்கள் கண்ணுக்குக் கூர்மையும், எனக்கு உங்களை வாசலில் நின்று வரவேற்கும் ஒரு காலையும் தரட்டும்.

உங்கள் தங்கை,
நீலாம்பாள் குழந்தைவேலு