ஒரே உயரத்தில் ரெண்டு ஃபிளைட்

திருவண்ணாமலை,
ஞாயிறு காலை

அன்பு மகள் மதுமிதாவுக்கு அம்மா எழுதறது. நாங்க நல்லா இருக்கோம், நீயும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவ, நான் நம்பத் தயாரா இல்ல. போன்ல துருவிக் கேட்டா சிக்னல் இல்லம்மான்னு வெச்சிடுவ, அதான் லெட்டர். கீழ்பென்னாத்தூர் நெலத்துல மல்லாட்டை புடுங்கியாச்சு, பாதிக் கடலையைப் பன்னி தின்னுடுச்சுன்னு நெலத்தைப் பார்த்துக்கிற வேடியப்பன் சொல்றான், எந்தப் பன்னியோ.

போன வாரம் எங்கயோ வெளிநாட்டுல ரெண்டு ஃபிளைட் ஆகாசத்துலயே மோதிக்கிச்சே, அப்பா பேப்பர்ல படிச்சாரு. கீழ உக்காந்து வழி சொல்றவர், அதான் நீ பார்க்கிற அதே வேலை, தப்பா சொல்லிட்டாராம், ஒருத்தரும் பிழைக்கலியாம். எல்லாத்தையும் அந்த ஒரு ஆள் தலையிலயே கட்டுறாங்களே, பக்கத்துல இருக்க வேண்டியவங்க எங்க போனாங்கன்னு எனக்கு அப்பவே சந்தேகம். உன்கிட்ட கேட்டா பேச்சை மாத்துன. அதுவும் டூட்டி நேரத்துல, மூணு நாளா சாவகாசமா பேசுற. அந்த ரூமுக்குள்ள போனே எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு நீதானே சொன்ன?

உன் தம்பி அர்ஹந்தைப் புடிச்சு உலுக்குனேன், கக்கிட்டான். உன் கையிலயும் ரெண்டு ஃபிளைட் ஒரே உயரத்துல எதிரும் புதிருமா வந்துடுச்சாம், பைலட்டுங்களே சுதாரிச்சு ஒதுங்கிட்டாங்களாம், உன்னை வேலையிலருந்து நிறுத்தி வெச்சு விசாரிக்கிறாங்களாம். கவனக்குறைவுன்னு நீயே எழுதிக் குடுத்துட்டியாம். நீயா கவனக்குறைவு? பால் பாக்கெட் தேதியைக்கூட ரெண்டு தரம் பார்க்கிறவ. அதுலதான் எனக்கு சந்தேகம் ஜாஸ்தியாச்சு. ராத்திரி ஷிஃப்ட் எட்டு மணி நேரம், பொழுது சாய்ஞ்சா நீ தண்ணிகூடக் குடிக்கிறதில்ல. எந்த ஊருக்குப் போனாலும் நம்ம ஜைனக் குடும்பத்து வழக்கத்தை விடக்கூடாதுன்னு, வேலைக்குக் கிளம்புறப்ப உன்கிட்ட கோயில்ல சத்தியம் வாங்குனவளே நான்தான். பசி மயக்கம்னு எழுதுனா அம்மா பேர் வந்துடும்னு மறைச்சிருக்க, இல்லன்னு சொல்லு பார்ப்போம்.

இருட்டுல சோத்துல விழுந்து ஒரு பூச்சிகூட சாகக்கூடாதுன்னுதான் அந்த நியமம். மேல அத்தனை உயிர் உன்னை நம்பிப் பறக்கறப்ப நீ பட்டினி கெடக்கிறது எந்த அஹிம்சையில சேர்த்தி? இது எனக்கு இப்பத்தான் உறைக்குது, பாவி நான். விசாரணையில உள்ளதைச் சொல்லிடு, எங்கம்மா வாங்குன சத்தியம்னே சொல்லு, வேலை போனா போகட்டும். திரும்ப சேர்த்துக்கிட்டாங்கன்னா ராத்திரியில வயிறாரச் சாப்பிட்டுட்டு உக்காரு. அந்தப் பாவம் என்னைச் சேரட்டும்.

ஆதிநாதர் உன் கூடவே இருக்கணும், அப்பாவோட ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் உண்டு. பதில் போடு. சாப்பிட்டேன்னு மட்டும் எழுதாத, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டேன்னு எழுது. வெறும் வார்த்தையை நான் நம்பமாட்டேன்.

உன் அம்மா,
ஜெயந்திமாலா