முகாமுக்கு ரோல்ஸ்

ஜூலை 9, வியாழன். கோல்டிங், டென்மார்க்.

யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறேன். சனிக்கிழமை ஜெர்மனிக்குப் போய், நாஜிகள் யூதர்களை அடைத்துக் கொன்ற முகாமின் நினைவிடத்தைப் பார்ப்பதென்று இன்று சாப்பிடும்போது முடிவெடுத்தார்கள். தம்பி மனைவி உடனே வழிக்கு மீன் ரோல்ஸ் செய்யலாம் என்றாள்.

"சுடலைக்கும் ரோல்ஸ் கட்டிக்கொண்டு போற சனம்," என்றேன்.

எங்கட போர் முடிந்ததும் நானும் அம்மாவும் இராணுவம் அடைத்த முகாமில் முள்ளுக்கம்பிக்குள் கிடந்தோம். அதைப் பற்றித் தம்பி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"செத்த யூதருக்காக இவ்வளவு தூரம் கார் ஓடுவாய். உன்ர அண்ணன் கிடந்த முகாம் உனக்குத் தெரியுமோடா?"

அவன் கோப்பையைக் கழுவ எழும்பிப் போனான். அவன் மகள்தான் மெல்லச் சொன்னாள்.

"பெரியப்பா, உங்களுக்காகத்தான் அப்பா அங்க போவம் எண்டவர். கேக்க அவருக்குப் பயம். அங்க நிண்டா நீங்களாக் கதைப்பீங்களாம்."

எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. இத்தனை வருடக் கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?

அங்கே நின்று கதைக்கத் தொடங்கினால், அம்மா முகாம் கூடாரத்தில் சாகும்போது கடைசியாகக் கூப்பிட்டது என்னை இல்லை, இவனைத்தான் என்பதையும் சொல்லவேண்டி வரும்.