சொன்னால் கேட்காது

ஜூன் 4

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று வருஷம் கழித்து எழுதுவதால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாலு தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. என் நம்பரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் இருந்தால் அது உங்கள் இஷ்டம்.

நான் வேலை பார்க்கும் நாய்க் காப்பகத்தில் ஒரு நாய் இருக்கிறது. உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு. எத்தனை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது என்பதால் துரை என்று பேர் வைத்தோம். மூன்று வீட்டுக்குக் கொடுத்தோம், மூன்று வீட்டிலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசி வீட்டில், தூங்கும்போது தொட்ட பெண்ணின் கையைக் கடித்துவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, நான் அதனிடம் பேசுவதும் அப்படித்தான்.

கடித்த நாயை இனி வெளியே கொடுக்க முடியாது, ஆயுசுக்கும் கூண்டுதான் என்கிறார் மேனேஜர். காலில் விழாத குறையாகக் கெஞ்சி மாதக் கடைசி வரை தவணை கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்குள் ஒரு வீடு பார்க்க வேண்டும். அதுவரை உங்கள் தகரப் பட்டறையில் இருக்கட்டும். அங்கே சுற்றுச்சுவர் இருக்கிறது, நீங்களும் ஒண்டிக்கட்டை. சனிக்கிழமை வண்டிக்காரர் கொண்டுவந்து விடுவார். அதன் குறையை எழுதிக் கழுத்தில் அட்டை கட்டியிருக்கிறேன்.

உங்களிடம் கேட்க மனம் வரவில்லை. வேறு ஆள் இல்லை.

இப்படிக்கு,
தங்கை


ஜூன் 11

அன்புள்ள குட்டிப்பிசாசுக்கு,

எப்போதிலிருந்து எனக்கு "நீங்கள்" போட ஆரம்பித்தாய்? யாராவது பெரிய மனுஷன் பின்னால் நிற்கிறானோ என்று திரும்பிப் பார்த்தேன்.

துரை வந்து சேர்ந்தார். அன்றைக்கே ஒரு தண்ணீர்த் தொட்டி வேலை. நான் சுத்தியலைத் தூக்கினாலே எதிர்க்கடைத் தையல்காரர் ஜன்னலைச் சாத்துவார். துரை என் காலடியில் அசையாமல் தூங்கினார். அவர் தலைக்கு மேலே ஒரு தகட்டைப் பிடித்து ஓங்கி அடித்துப் பார்த்தேன். தையல்காரர்தான் ஓடி வந்தார், துரையின் காது மடல்கூட ஆடவில்லை.

அட்டையில் உன் முத்து முத்தான கையெழுத்தில் "சொன்னால் கேட்காது" என்று எழுதியிருக்கிறாய். கேட்காது என்பது சரிதான் தாயே, முன்னால் போட்ட வார்த்தைதான் தப்பு. அதற்குக் காது கேட்காது. துரை என்று ஒரு பேர் இருப்பதே அதற்குத் தெரியாது.

படுக்கும் பலகையைக் காலால் தட்டினால் பதறாமல் எழுந்துகொள்கிறது. உள்ளங்கையைக் காட்டினால் உட்காருகிறது. ஐந்தே நாளில் படித்துவிட்டது, நீயும் நானும் படித்த லட்சணத்துக்கு இது எவ்வளவோ மேல். அட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், திருத்திக் கொடு.

உன் அண்ணன்


ஜூன் 15

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை எங்கள் டாக்டரிடம் காட்டினேன். "காதுல புண்ணு இருக்கான்னு பார்த்தேனே தவிர, கேக்குதான்னு பார்க்கலையேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் எதில் அடித்துக்கொள்வது? செய்தித்தாளைச் சுருட்டி நானே அதை இரண்டு தடவை அடித்திருக்கிறேன். ஒரு நாள் கூப்பிட்டு வரவில்லை என்று, "திமிரா? பட்டினி கிட" என்று சோற்றை உள்ளே வைத்துப் பூட்டினேன். பிறகு அது வந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. என்ன பார்க்கிறது என்றுகூடப் பாவி எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வீடு கிடைத்திருக்கிறது. கணவன் மனைவி இருவரும் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள், சைகை தெரிந்தவர்கள். பகல் முழுக்கப் பூட்டிவிட்டுப் போவார்கள் என்பதுதான் குறை. கடித்த காரணம் புரிந்ததால் மேனேஜரும் சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து துரையை அழைத்துப்போகிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. டாக்டருக்கே தெரியாதது உங்களுக்கு எப்படி ஒரே நாளில் தெரிந்தது?

தங்கை


ஜூன் 18

குட்டிப்பிசாசுக்கு,

துரை வாயைப் பார்ப்பது போலத்தான் நானும் எல்லோர் வாயையும் பார்க்கிறேன். வலது காது போய் எட்டு வருஷம் ஆகிறது. இடது காதும் அதன் பின்னாலேயே போய்விட்டது. முப்பது வருஷம் தகரம் அடித்தால் சும்மா விடுமா? போனை எடுக்காதது ரோஷத்தால் இல்லை. எடுத்து என்ன செய்வேன்?

அப்பா உயிர் போன அன்று மத்தியானம் நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தாய். நான் அடுத்த அறையில் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் திரும்பினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "காதுல விழலை" என்றேன். "தண்ணி தண்ணின்னு கத்துனது பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கு, உனக்குக் காதுல விழலையா? கல்லு! நீயெல்லாம் மனுஷனா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாய்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். செவிடன் என்று பேராகிவிட்டால் வேலை வராது என்று பயம், அதைவிட வெட்கம். உன் மேல் தப்பில்லை. முன்பே சொல்லியிருந்தால் என்னை நம்பி அப்பாவை விட்டுப் போயிருக்க மாட்டாய். ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் அவர் போனதற்கு நான்தான் காரணம்.

துரையை இங்கேயே விடேன் என்று கேட்க நாக்கு நுனி வரை வருகிறது. வேண்டாம், ஆசிரியர்களிடமே கொடு. ஓர் உயிர் கூப்பிட்டபோது கேட்காதவனை நம்பி இன்னோர் உயிரை விடக் கூடாது.

அண்ணன்


ஜூன் 23

என் அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். உன் கடிதம் பையில் இருந்தது. இருந்தும் வெளிக் கதவருகே நின்று, புத்தி கெட்டவள், பழக்கத்தில் "அண்ணா" என்று கூப்பிட்டேன். இரண்டு முதுகும் திரும்பவில்லை.

நீ ஒரு தொட்டிக்குள் தலையை விட்டு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாய். துரை தன் காலிக் கிண்ணத்தை நக்கிப் பார்த்துவிட்டு வந்து, உன் முழங்காலை மூக்கால் முட்டியது. நீ உடனே எழுந்துபோய்க் கிண்ணத்தை நிரப்பினாய். அது தண்ணீர் கேட்டது அண்ணா, நீ கொடுத்தாய்.

உள்ளே வர எனக்கு முகம் இல்லை. அப்படியே திரும்பிவிட்டேன். உன்னைக் கல் என்று சொன்ன வாய் இது. செவிடன் காதில் சங்கு என்று உனக்கே எழுதிய கையும் இதுதான். அப்பாவுக்கும் உனக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவர். மூன்று வருஷம் உன்னிடம் பேசாமல் இருந்தது நான். இதை எங்கே போய்க் கழுவுவது என்று தெரியவில்லை.

துரைக்கு வீடு கிடைத்துவிட்டது என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். "சொன்னால்" என்பதை அடித்துவிட்டு "காது" என்று எழுதியிருக்கிறேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பேர். நீ பயப்படாதே. துரை உன்னைத் தூரத்தில் இருந்து கூப்பிடப் போவதில்லை, வேண்டுமென்றால் வந்து முட்டும்.

வருகிற ஞாயிறு மறுபடி வருகிறேன். வெளிக் கதவைச் சாத்தி வை, துரை தெருவுக்கு ஓடிவிடும். ஆனால் தாழ் போடாதே. நான் கூப்பிட மாட்டேன், உள்ளே வந்து உன் தோளைத் தொடுவேன்.

திடுக்கிட்டுக் கடித்துவிடாதே.

குட்டிப்பிசாசு