நின்னு போச்சுன்னு சொன்னேன்

மார்ச் 3

என் கூடப்பிறந்த ராசாவுக்கு, அக்கா எழுதிக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் தினம் அடுப்பையே பத்த வைக்கிறேன்.

போன்ல பேசலாம்தான். ஆனா போன்ல நீ "சரிக்கா, சரிக்கா"ன்னு சொல்லிட்டு வச்சிடுறே. கடுதாசின்னா கடைசி வரைக்கும் படிச்சுத்தானே ஆகணும்!

ஓடிப் பழகட்டும்னு நீ இங்க அனுப்பி வச்ச உன் மகன் நெட்டையன் நல்லா இருக்கான். விடிஞ்சதும் மைதானத்துக்கு ஓடுறான், வந்து பானையைக் காலி பண்றான், மறுபடி ஓடுறான். வாசல் நிலைப்படியில தினம் ஒரு தடவையாவது தலையை இடிச்சுக்கிறான். "இந்த வீட்டைக் குள்ளனுக்குக் கட்டினாங்களா அத்தை?"ங்கிறான். உன் மாமா, "அந்தக் குள்ளன்தாண்டா வாடகை குடுக்கிறான்"ங்கிறார். ரெண்டு பேருக்கும் நாள் பூரா இதே வேலை.

விஷயத்துக்கு வரேன். பரீட்சை, இன்டர்வியூ, மெடிக்கல் எல்லாம் முடிஞ்சுது, இனிமே ராணுவ அகாடமியிலேருந்து ஆள் வந்து பையனைப் பத்தி விசாரிப்பாங்கன்னு சொன்னியே, நேத்து வந்துட்டார்ப்பா! நெட்டையன் மைதானத்துல இருந்தான், உன் மாமா சலூனுக்குப் போயிருந்தார். நான் ஒருத்திதான். தையல் மெஷின் மேல கிடந்த துணியை அள்ளி உள்ள எறிஞ்சுட்டு, நாற்காலியைத் துடைச்சுப் போட்டேன். நல்ல மனுஷன். "பையன் எப்படிம்மா?"ன்னார். என்னைக் கேட்டா விடுவேனா? பிறந்ததுலேருந்து ஆரம்பிச்சேன். பாவம், கொட்டாவியை அடக்கிக்கிட்டுக் கேட்டார்.

சாமி அவனை எப்படிக் காப்பாத்துச்சுன்னும் சொன்னேன். சின்ன வயசுல தூக்கத்துல எழுந்து நடப்பானே, ஒரு தடவை எதிர்வீட்டு மாடி வரைக்கும் போயிட்டானே, நான் ஒரு வேளைச் சோத்தை விட்டுட்டு சாமியே கதின்னு கிடந்தேனே, ஏழாம் வகுப்போட நின்னு போச்சே, அதை எல்லாம் சொன்னேன். "சாமி கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்த பிள்ளை சார் இது"ன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து, "அதை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா"ன்னார். சாமி மகிமையை ஒரு அதிகாரியே எழுதிக்கிட்டுப் போறாரேன்னு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

இனி ஒரு கவலையும் இல்ல. சட்டை தைக்க அளவு எடுத்து வச்சிருக்கேன்.

உன் அக்கா

மார்ச் 8

அக்காவுக்கு, தம்பி எழுதுறது.

உன் கடுதாசியை கம்பெனி கேட்டுல நின்னுக்கிட்டே படிச்சேன். பாதியிலயே உட்கார்ந்துட்டேன். லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான், முழுசாப் படிச்சுட்டுத்தான் கேட்டைத் திறந்தேன்.

ஏன்க்கா? அதை யாரு உன்கிட்ட கேட்டா? தூக்கத்துல நடக்கிறவனைத் துப்பாக்கி இருக்கிற இடத்துல சேர்ப்பாங்களா? மெடிக்கல்ல டாக்டர் கேட்டப்போ, அப்படி எதுவும் கிடையாதுன்னு பக்கத்துல நின்னு சொன்னவன் நான். நெட்டையனுக்கே அது தெரியாது. சின்னப்பிள்ளை பயந்துக்குவான்னு மறைச்சோம், அப்புறம் சொல்ல நேரமே வரல. இப்போ நான் பொய்யன், நீ சாட்சி.

போன்ல கூப்பிட்டிருந்தா உன்னைக் கண்டபடி கத்தியிருப்பேன். அதான் எழுதுறேன். அவன் அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

அந்த அதிகாரியோட ஆபீஸுக்கு நீயே போ. தூக்கத்துல நடந்தது இவன் இல்ல, பக்கத்து வீட்டுப் பையன், நான்தான் குழப்பிட்டேன்னு சொல்லு. வாயைத் திறந்து அதை மட்டும் சொல்லு, மேல ஒரு வார்த்தை வேணாம். உன் சாமி கோவிச்சுக்காது. அதுக்கு இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் கேட்டுப் பழக்கம்.

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு, அக்கா.

உன் கடுதாசியைப் படிச்ச அன்னிக்கு நான் சாப்பிடல. உன் மாமா, "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரேன், சாவி என்கிட்ட இருக்கட்டும்"னார். சிரிக்கிற நிலைமையா அது?

போனேன்ப்பா. பஸ்ல போற வழியெல்லாம் "பக்கத்து வீட்டுப் பையன், பக்கத்து வீட்டுப் பையன்"னு மனப்பாடம் பண்ணிக்கிட்டே போனேன். பெஞ்சுல உட்கார வச்சாங்க. பக்கத்துல இருந்த பொம்பளை, "எதுக்கு வந்திருக்கீங்க?"ன்னா. வாழ்க்கையில முதல் தடவையா யாருக்கும் பதில் சொல்லாம உட்கார்ந்திருந்தேன்.

அந்த அதிகாரி என் மூஞ்சியைப் பார்த்துட்டு அவரே சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. சின்ன வயசோட நின்னு போயிருந்தா தள்ள மாட்டாங்க. இருபத்தஞ்சாம் தேதி பையனைக் கூட்டிக்கிட்டு வாங்க. எங்க டாக்டர் இருப்பார். எப்போ நின்னுச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க, அது போதும்." உன்னைப் பத்திக் கேட்டதுக்கு, "அப்பா மறந்திருப்பார்னு எடுத்துக்கிறோம்"னுட்டார்.

பார்த்தியா? பொய்யே சொல்ல வேணாம்னு சாமி வழி விட்டுடுச்சு. நின்னு போச்சுன்னு சொல்லணும், அவ்வளவுதான். அதை நான் தூக்கத்துலகூட சொல்லுவேன். இனி நீ என்னைத் திட்டினதுக்கு ஒரு நல்ல கடுதாசி எழுதிப் போடு.

அக்கா

மார்ச் 17

தம்பி, இதை எப்படி எழுதுறதுன்னு தெரியல.

நேத்து மத்தியானம் நெட்டையன் ஓடிட்டு வந்த களைப்புல பாயைப் போட்டுப் படுத்தான். நான் மெஷின்ல ஸ்கூல் பாவாடைக்கு ஓரம் அடிச்சுக்கிட்டு இருந்தேன். எழுந்து என்னைத் தாண்டிப் போனான். "என்னடா, டீ போடவா?"ன்னேன். பதில் இல்ல. அவன் நிலைப்படியில இடிச்சுக்கல, தம்பி. தினம் இடிக்கிறவன், அழகா குனிஞ்சு வெளியே போனான். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

அப்புறம் பிரேக் சத்தம். ஓடினேன். பஸ் திரும்புற இடத்துல, புதுசா தார் போட்ட ரோட்டுல, நடுவுல நிக்கிறான். வெறுங்கால். கண்ணு திறந்துதான் இருக்கு, ஆனா அதுல ஆள் இல்ல. டிரைவர் எட்டிப்பார்த்து, "சாவுறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"ன்னான். கையைப் பிடிச்சேன். கன்னுக்குட்டி மாதிரி கூடவே வந்து படுத்துட்டான். அப்புறம் தானா முழிச்சு வந்து, "அத்தை, இன்னிக்கு டீ கிடையாதா?"ங்கிறான். உன் மாமாகிட்டகூட நான் இதைச் சொல்லல.

ராத்திரின்னா திருடன் பயம்னு நீ மாட்டிக் குடுத்த உள்பூட்டு இருக்கு. பட்டப்பகல்ல யாரு பூட்டுவா?

நின்னு போச்சுன்னு சாமி பேரைச் சொல்லி எழுத வச்சவ நான். அன்னிக்கு நான் பொய் சொல்லல. அதையே இருபத்தஞ்சாம் தேதி சொன்னா அது என்னப்பா? சீக்கிரம் எழுது.

அக்கா

மார்ச் 20

அக்கா,

படிச்சுட்டு இந்தத் தாளைக் கிழிச்சுப் போடு.

உள்பூட்டு திருடனுக்கு இல்லக்கா. உன் வீட்டுல திருட என்ன இருக்கு? அவன் நடக்கிறான்னு எங்களுக்குத் தெரியும். எப்பவாவதுதான், ரொம்பக் களைச்சுப் போனா. இங்க இருந்தவரைக்கும் அவன் அம்மா வாசப்படிக்குக் குறுக்கே படுத்துத்தான் தூங்குவா. "காத்து வருது"ன்னு அவன்கிட்ட சொல்லுவா. உன் வீட்டுக்கு அனுப்புறப்போ உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா நீ தெருவுக்கே சொல்லிடுவேன்னு பயந்தேன். அதுல தப்பு இருக்கா?

நான் என்ன வேலை பார்க்கிறேன்னு உனக்குத் தெரியும். உடம்புல யூனிபார்ம், தோள்ல பட்டை, தலையில தொப்பி. எவன் கார்ல வந்தாலும் கேட்டைத் திறந்து சல்யூட் அடிக்கணும். என் பையன் வயசுப் பசங்க, போன்லேருந்து நிமிரக்கூட மாட்டாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எவனாவது நெட்டையனுக்குச் சல்யூட் அடிக்கிறதைப் பார்த்துட்டா போதும்னு இருக்கேன். அவனும் அதுக்குத்தானே ஓடுறான். நான் தள்ளி விடல, அவனேதான் ஓடுறான்.

போகப்போகச் சரியாயிடும். நீ புதுசா எதுவும் சொல்ல வேணாம், முன்ன சொன்னதையே சொல்லு. அன்னிக்குப் பார்த்தது உன் ஒருத்திக்குத்தான் தெரியும். என்னைத் தூக்கி வளர்த்தவ நீ. இதுவரைக்கும் உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல.

உன் தம்பி

மார்ச் 25

ராசா,

நீ இதைப் படிப்பியோ மாட்டியோ. நானே சொன்னாத்தான் நியாயம்.

நீ சொன்னபடி சொல்லணும்னுதான் போனேன். சாமிமேல ஆணையா அப்படித்தான் போனேன். நெட்டையன் புதுச் சட்டை போட்டிருந்தான். டாக்டர் இளவயசு. "அம்மா, பையன் தூக்கத்துல நடக்கிறது எப்போ நின்னுச்சு?"ன்னார். நெட்டையன் சிரிச்சுக்கிட்டே, "யாரு, நானா?"ன்னு என்னைப் பார்த்தான். விளையாட்டுன்னு நினைச்சான்.

அந்த டாக்டருக்குப் பின்னால ஜன்னல்ல கட்டடம் தெரிஞ்சுது. அங்க பசங்க தங்குற இடமாம், மூணு மாடி. நான் அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அங்க யாரு குறுக்கே படுப்பா தம்பி?

"நிக்கல சார். போன வாரம்கூட நடந்தான்"னு சொல்லிட்டேன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். அப்புறம், "செருப்பு போட்டிருந்தேனா அத்தை?"ன்னான். இல்லடான்னேன். "அதான் அன்னிக்குக் காலெல்லாம் தாரா இருந்துச்சு. எங்க மிதிச்சேன்னு ரெண்டு நாளா யோசிச்சேன்"னான். அப்புறம், "அப்பாவுக்குத் தெரியுமா?"ன்னான். நான் வாயே திறக்கல. அதுலயே அவனுக்குப் புரிஞ்சு போச்சு. பஸ் வந்துச்சு, அவன் ஏறல. அடுத்ததுலயும் ஏறல. நானும் கூடவே நின்னேன்.

என்னைத் திட்டிடு. போன்லயே கத்திடு. பேசாம மட்டும் இருக்காதே.

அக்கா

ஏப்ரல் 14

நெட்டையன் வந்து சேர்ந்தான். அகாடமியிலேருந்து தகவல் வந்தாச்சு, எடுக்கலைன்னு. குணமாயிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா மறுபடி வரலாமாம். அதுக்குள்ள வயசு தாண்டிடும்.

அவன் என்கூடப் பேசுறதில்ல. அம்மாகிட்டயும் இல்ல. விடியக்காலையில ஓடப் போறது மட்டும் விடல. எதுக்கு ஓடுறேன்னு கேட்க எனக்கு வாய் வரல.

நீ உண்மையைச் சொன்னே. உன் சாமிக்குச் சந்தோஷமா இருக்கும். அதோட இருந்துக்கோ. எனக்குக் கொஞ்ச நாள் எழுதாதே.

ஜூன் 2

தம்பிக்கு,

கொஞ்ச நாள்னு சொன்னே, கொஞ்ச நாள் ஆச்சேன்னு மே மாசம் ஒண்ணு எழுதினேன். பதில் இல்ல. போன் பண்ணினா உன் வீட்டுக்காரி எடுத்து, "டூட்டியில இருக்கார் அண்ணி"ங்கிறா. பின்னாலயே உன் இருமல் கேக்குது. எனக்கு ஒரு காதுதான் மந்தம்.

இங்க எல்லாரும் சுகம். உன் மாமாவுக்குப் பேச்சுத்துணை இல்லாம நாள் போகல, பூனைகிட்ட சண்டை போடுறார். ஸ்கூல் திறக்கிற நேரம், மெஷின் ஓயல. வீட்டு ஓனர் வந்து வாசல் நிலையை உயர்த்திக் கட்டித் தரேன்னார். இனிமே எதுக்குன்னேன்.

நான் சொன்னது சரியா தப்பான்னு சாமிகிட்டகூடக் கேட்கல தம்பி. சரின்னு சொன்னா, நீ எனக்கு இல்லாம போயிட்டியே. தப்புன்னு சொன்னா, அந்த மூணு மாடி கண்ணுக்குள்ளயே நிக்குது.

நீ எழுத வேணாம். உனக்கு மனசில்லாம எழுதினா எனக்கும் அது வேணாம். வெறும் வெள்ளைத் தாள் ஒண்ணை மடிச்சு கவர்ல போட்டு அனுப்பு. நெட்டையன் நல்லா தூங்குறான்னு நான் புரிஞ்சுக்கிறேன். மேல என் விலாசம் மட்டும் இருந்தா போதும். அக்கான்னு எழுதினாலும் சரி, எழுதாட்டியும் சரி.

தபால்காரர்கிட்ட தினம் கேக்கிறேன். ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லிட்டு, பாவம், அவரே கொஞ்ச நேரம் நின்னு பேசிட்டுப் போறார்.

உன் அக்கா