நீலப் பேனா வட்டம்

ஸ்கார்பரோ,
ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

லோர்னா எழுதுவது. எனக்குச் சளி விட்டுவிட்டது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? மருந்துக்கடையில் நிற்க இடமில்லை, ஊரே இருமுகிறது.

சரி, டிவிக்கு வருகிறேன். கேக் சுடும் போட்டியில் அந்தத் தீயணைப்புக்காரர் வெளியேறிவிட்டார். கேக் நடுவில் அமுங்கிப் போனதற்காக ஒரு பெரிய மனிதரை அழவைத்தா அனுப்புவது? அந்த நடுவர் அம்மாள் சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறவர். ஆஸ்பத்திரித் தொடரில் நோயாளிகளைவிட டாக்டர்களுக்குத்தான் வியாதி அதிகம். நடனப் போட்டியில் வானிலை அறிவிப்பாளர், மழைக்கு முன்னால் கொடியில் துணி எடுக்க ஓடுகிறவர்போல ஆடினார். ஞாயிறு ஒன்பது மணிக்கு நம் ‘உப்புத்துறை’ மறுபடி தொடங்கிவிட்டது. நடிகர்களைவிடக் கடல் நன்றாக நடிக்கிறது. இன்ஸ்பெக்டர் இன்னும் அதே பழைய கோட்டில்தான் அலைகிறார்.

உங்களைப் பார்க்க வருவதற்கு நீங்கள் அனுப்பிய சீட்டு கிடைத்தது. இந்தச் சனிக்கிழமை எனக்கு வேலை. அடுத்த சனி ரயில் ஓடாது என்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்பு மகள்,
லோர்னா

சிறைச்சாலை,
ஜனவரி 14

என் லோர்னாவுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறேன். ஜெயிலில் மணியடித்தால் சோறு என்பார்கள். இங்கே மணியடித்தால் உருளைக்கிழங்கு. முட்டி படியேறும்போது மட்டும் முனகுகிறது.

நானும் விடாமல் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை பிரபு வீட்டுக் கதை சுத்த ஏமாற்று. இருநூறு வருஷத்து மாளிகையாம், சுவரில் நேற்றுப் பூசிய பூச்சு. பழைய சுண்ணாம்புப் பூச்சு இப்படி மொழுமொழுவென்று இருக்காது. ‘உப்புத்துறை’யில் பாதிரியார்தான் கொலைகாரர். அவர் ஏணி ஏறுகிற விதத்தைப் பார், பாதிரியார் யாராவது அப்படி ஏறுவார்களா?

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. இங்கே நூலகத்துக்குச் செய்தித்தாள் ஒரு நாள் தாமதமாக வரும். புதன்கிழமை அதில் டிவி பத்தியைப் படித்தேன். நடிகர்களைவிடக் கடல் நன்றாக நடிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். துணி எடுக்க ஓடும் வானிலைக்காரரும் அதில் இருந்தார். பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் அதே வழவழப்பு.

முன்பெல்லாம் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, “அந்த ஆளப் பாத்தாலே எரிச்சலா வருதுப்பா, மாத்துங்க” என்பாய். உன் விமர்சனம் அவ்வளவுதான். எனக்கு அது போதும். வீட்டு டிவிக்கு என்ன ஆயிற்று?

இதோடு இன்னொரு சீட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா

ஸ்கார்பரோ,
ஜனவரி 18

அப்பா,

மாட்டிக்கொண்டேன். வேலை பார்க்கும் கடையில் தேநீர் குடிக்கும் நேரத்தில் செய்தித்தாளைப் பார்த்துத்தான் எழுதினேன், ஒரு வருஷமாக. டிவிமேல் போர்வை போட்டு மூடியிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த டிசம்பர் இருபத்தெட்டுக்குப் பிறகு அதை ஒரு நாளும் போடவில்லை.

அந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் எழுதியதே இல்லை. நான் எழுதிவிடுகிறேன். முந்தின இரவு ‘உப்புத்துறை’ கிறிஸ்துமஸ் சிறப்பு, முதல் பாகம். நீங்கள் பாதியிலேயே குறட்டை விட்டீர்கள். விடியுமுன் ரொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எழுந்ததும் உங்களுக்குப் போன் செய்தேன். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரிந்தேதான் செய்தேன். “கேளுங்கப்பா, செத்துட்டான்னு நெனச்சோமே அந்த மீன்காரன், அவன் சாகலப்பா” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் அந்தச் சத்தம்.

திருமதி டோரீன் ஹெப்வொர்த். எழுபத்தொரு வயது. கடைக்குப் போய்விட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். கதையில் ஒரு மீன்காரன் சாகவில்லை என்று சொல்வதற்காக நிஜத்தில் ஓர் அம்மாளைக் கொன்றுவிட்டேன். வழக்கின் முதல் நாள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். “யார் கூப்பிட்டா என்னங்க, எடுத்தது நான்தானே” என்று நீங்கள் சொன்னீர்கள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து நான் கோர்ட்டுக்கு வரவில்லை.

சனிக்கிழமை எனக்கு வேலை கிடையாது. ரயிலும் ஓடுகிறது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

லோர்னா

சிறைச்சாலை,
ஜனவரி 23

என் லோர்னாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என் திருட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் டிவி பார்ப்பதில்லை. என் அறையில் டாரில் என்று ஒருவன் இருக்கிறான். வெளியே சுவர் பூசும் வேலை பார்த்தவன். அவன்தான் பார்க்கிறான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். விளம்பரம் வரும்போது அவன் திட்டுவதைக் காதில் வாங்கி உனக்கு எழுதினேன். ரொட்டி வண்டி ஓட்டியவனுக்குச் சுண்ணாம்புப் பூச்சைப் பற்றி என்ன தெரியும்? நீயாவது கண்டுபிடித்திருக்க வேண்டாமா? ஒரு வருஷமாகச் செய்தித்தாளும் டாரிலும்தான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நாம் தபால்தலை ஒட்டியதோடு சரி.

ஏன் பார்ப்பதில்லை என்றும் சொல்கிறேன். நீ வராத இரண்டாம் நாள், அந்த அம்மாளின் சைக்கிள் கூடையில் என்னென்ன இருந்தது என்று கோர்ட்டில் படித்தார்கள். ரொட்டி, பால், பூனைக்குத் தீனி, டிவி பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இதழ். அதில் அன்று இரவு ஒன்பது மணி ‘உப்புத்துறை’ இரண்டாம் பாகத்தைச் சுற்றி நீலப் பேனாவில் வட்டம் போட்டிருந்ததாம். வருஷா வருஷம் நாமும் அப்படித்தானே போடுவோம், நீ சிவப்பில், நான் பச்சையில். அவரும் அந்த மீன்காரனைப் பற்றித் தெரிந்துகொள்ளக் காத்திருந்திருக்கிறார். அந்த வட்டம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

லோர்னா, போன் செய்தது நீ. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தது நான். போனை எடுக்காமல் விட்டிருக்கலாம், வண்டியை ஓரங்கட்டியிருக்கலாம். இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உன்மேல் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். உன்னுடையதை நீ வைத்துக்கொள், என்னுடையதையும் சேர்த்துச் சுமக்காதே. அதைச் சுமக்கத்தான் நான் இங்கே இருக்கிறேன்.

அந்த இரண்டாம் பாகத்தை வரும் ஞாயிறு ஒன்பது மணிக்கு வேறொரு சேனலில் மறுபடி போடுகிறார்கள் என்று டாரில் சொன்னான். அந்த அம்மாள் பார்க்காமல் போனதைப் பார்க்க எனக்கு என்ன யோக்கியதை என்றுதான் இத்தனை நாள் முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முதுகைத் திருப்பிக்கொண்டதால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கடைசிவரை பார்க்கப் போகிறேன். நீயும் போர்வையை எடு. என்ன தோன்றியது என்று எழுத வேண்டாம். பிப்ரவரி மூன்றாம் தேதிக்குச் சீட்டு வைத்திருக்கிறேன், நேரில் வந்து சொல்.

உன் அப்பா,
கிளைவ்

ஸ்கார்பரோ,
ஜனவரி 29

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை டிவி பத்திரிகை வாங்கினேன். ஞாயிறு ஒன்பது மணியைச் சுற்றி வட்டம் போட வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் சிவப்பும் பச்சையும்தான் இருந்தன. திரும்பிப் போய் நீலம் வாங்கிவந்தேன்.

போர்வையை எடுத்தேன், ஒரே தூசி. பாதிக்கு மேல் அழுதுகொண்டிருந்ததால் கதை சரியாகப் புரியவில்லை. ஆனாலும் அந்த மீன்காரனைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலா வருதுப்பா. இதை எந்தப் பேப்பரிலும் பார்த்து எழுதவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனால் மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், திட்டாதீர்கள். ஆனால் வந்துவிடுவேன்.

லோர்னா