ஜூலிக்குக் குறைந்தது, உனக்குக் கூடியது

இன்று காலை நம் நாய் ஜூலியின் மாத்திரையை வாழைப்பழத் துண்டில் பொதிந்து நீட்டினேன். பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பிவிட்டாள். நீ கொடுத்தால் மறுக்காமல் விழுங்குவாள். தரையில் கிடந்த அந்த வெள்ளை மாத்திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

கேளம்பாக்கத்துத் தையல் கடையில் நம் மிஷின்கள் அடுத்தடுத்து இருந்தன. மதியத்துக்கு மேல் உன் கால் மிதியை விட்டு நழுவும். தொடையைக் குத்திக்கொண்டே, "மிதிச்சு மிதிச்சு கால் செத்துப் பூடுச்சுடி" என்று சிரிப்பாய். நாற்பதுகூட ஆகாத உனக்கு பிரஷருக்கு மூன்று விதமான மாத்திரைகள். எதற்கும் அடங்கவில்லை. டாக்டரோ ஒவ்வொரு முறையும், "கருவாட்டை இன்னும் நிறுத்தலையா?" என்று திட்டுவார். நீ கருவாட்டைத் தொட்டே வெகுகாலம் ஆகியிருந்தது.

அப்போதுதான் ஜூலி படுத்தாள். வாந்தி, நடுக்கம், பின்கால்கள் துவண்டுபோயின. இருவரும் அவளைத் துண்டில் சுற்றிச் செங்கல்பட்டுக்குத் தூக்கிப் போனோம். ரத்தத்தைச் சோதித்த மாட்டு டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "கிட்னிக்கு மேல சின்னதா ஒரு சுரப்பி இருக்கும்மா. அதுல ஆல்டோஸ்டீரோன்னு ஒண்ணு சுரக்கணும். அதான் உடம்புல உப்பைப் புடிச்சு வெக்கும், பொட்டாசியத்தை வெளிய தள்ளும். இதுக்கு அது சுரக்கல. மாத்திரை குடுத்தா பொழைச்சுக்கும்."

"மனுசங்களுக்கும் அது கீதா சார்?" என்று நீ கேட்டாய்.

"இருக்கே."

"ஜாஸ்தியா சுரந்தா இன்னா ஆவும்?"

"பிரஷர் ஏறும், மாத்திரைக்கு அடங்காது. பொட்டாசியம் கொறைஞ்சு கை கால் சோந்து போகும்."

பஸ்ஸில் ஜூலியை மடியில் போட்டுக்கொண்டு உன் முழங்காலையே தடவிக்கொண்டு வந்தாய்.

பெரிய ஆஸ்பத்திரியில் நீயாகவே கேட்டுச் சோதனை செய்துகொண்டாய். ஒரு பக்கச் சுரப்பியில் சின்னக் கட்டி இருந்தது. அதை எடுத்ததும் பிரஷர் இறங்கியது, காலுக்குப் பலம் வந்தது. மாமல்லபுரத்து ஈர மணலில் ஜூலியோடு ஓடிக் காட்டினாய். "பாத்தியாடி!" என்று மூச்சிரைக்கக் கத்தினாய். ஆனால் அத்தனை வருஷ பிரஷர் உன் கிட்னியை எவ்வளவு அரித்திருந்தது என்பது கட்டியை எடுத்த பிறகுதான் முழுசாகத் தெரிந்தது.

பிறகு டயாலிசிஸ். தண்ணீரைக்கூட மடக்கு மடக்காகத்தான் குடித்தாய். முகம் கறுத்து, கை ஊசிக் காயமாகி, நாலு படி ஏற என் தோளைப் பிடித்தாய். ஒருநாள் மெஷினிலிருந்து எழுந்து வந்து, "ஜூலி மாத்திரைய ஒரு நாள்கூட உடாதடி. அதுக்காவது நேரத்துக்குத் தெரிஞ்சுதே" என்றாய். அதற்குப் பிறகு அதிக நாள் நீ இருக்கவில்லை.

போன வாரம் ஷேர் ஆட்டோவில் ஒரு பெண் போனில் யாரிடமோ அலுத்துக்கொண்டாள்: "எத்தினி மாத்திரை போட்டும் பிரஷர் எறங்க மாட்டேங்குது." என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கால் சோர்கிறதா என்று கேட்டேன். பொட்டாசியம் பார்க்கச் சொன்னேன், சுரப்பியைப் பற்றியும் ஆல்டோஸ்டீரோனைப் பற்றியும் சொன்னேன். பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு இறங்கினாள். ஆட்டோ கிளம்புமுன் திரும்பி வந்து, "அதும் பேரு இன்னாக்கா சொன்ன?" என்றாள்.

சொன்னேன். போய்ப் பார்த்தாளோ என்னவோ, தெரியாது. உனக்கு யாருமே நேரத்துக்குச் சொல்லாத அந்தப் பெயரை, வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.