கம்பளித் தொப்பியும் உன் குரலும்

அன்பு மகள் நஸ்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் தம்பியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். தம்பியையும் சேர்த்துச் சுகம் என்று எழுதுவதற்கு முப்பத்தெட்டு நாள் எடுத்திருக்கிறது, அதற்கும் அல்ஹம்துலில்லாஹ். அடுத்த வீட்டு ஸாஹிர் விடுமுறை முடிந்து நாளைக்கு தோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் வாப்பாவுக்குக் கேட்கும், நீயும் பன்னிரண்டு நாளாக என் போனை எடுக்கவில்லை, கடிதமென்றால் பாதியில் வெட்ட முடியாது பார்.

உனக்கு என்மேல் இரண்டு கோபம் என்று தெரியும். முதலாவது, நாற்பது வயதில் உம்மா பிள்ளைத்தாச்சியாக இருப்பதை ஏழாம் மாதத்தில் நபீஸா சாச்சியின் வாயால் நீ கேட்டது. வெட்கம் மகள், வேறொன்றுமில்லை, கலியாணம் பேசுகிற வயதில் பிள்ளை இருக்கிறவளுக்கு அதை எப்படிச் சொல்வதென்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. இரண்டாவது கோபம்தான் பெரிது. தம்பி பிறந்து அழவில்லை, மூச்சை ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் ஊதிக் கொடுத்தார்கள், அன்றைக்கே வலிப்பும் வந்தது என்று கேட்டதும், நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் பார்த்ததை வைத்து குரல் பதிவு அனுப்பினாய். உம்மா, ஆறு மணித்தியாலத்துக்குள்ள குளிர்ப்பாயில போடச் சொல்லுங்க, மூணு நாளைக்கு உடம்பைக் குளிராக்கினா மூளை தப்பும், என்னத்துக்குப் பாத்துக்கிட்டு இரிக்கிறீங்க என்று கத்தினாய். பிறகு, என்ட தம்பியக் கெடுத்துட்டீங்க என்றும் சொன்னாய்.

நான் கேட்காமல் இருக்கவில்லை. உன் பதிவை அப்படியே டொக்டர் திவாகரனுக்குப் போட்டுக் காட்டினேன், பழுகாமம் ஊர்ப் பிள்ளை, இரண்டு நாள் தூங்காத கண். அவர் கோபிக்கவில்லை, உங்கட மகள் சொல்றது பிழையில்ல அம்மா, அங்க அதுதான் வைத்தியம் என்றார். ஆனால் இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆஸ்பத்திரிகளில் சரியான மெசின் வைத்து நானூறு பிள்ளைகளில் பாதிப் பேரைக் குளிராக்கிப் பார்த்தார்களாம், பலன் கிடைக்கவில்லை, குளிராக்கிய பிள்ளைகளில்தான் கூடுதலாக இறந்தார்களாம். ஏன் என்று கேட்டேன். முழுசாத் தெரியாது, இங்க பிள்ளையளுக்கு மூளையில அடி விழுற விதம் வேறயா இருக்கலாம், தெரியாம உங்கட பிள்ளையில செஞ்சு பாக்க ஏலாது என்றார். இல்லாத மெசினுக்கு நியாயம் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், தெரியாது என்று வாய்விட்டுச் சொல்கிற மனிதரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? குளிராக்கவும் மாட்டோம், சூடு ஏற விடவும் மாட்டோம், காய்ச்சல்தான் இந்த மூளைக்கு எதிரி என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாது, வாப்பாவுக்கும்கூட. மூன்றாம் நாள் என்னைத் தம்பிக்குப் பக்கத்தில் இருக்க விட்டார்கள். காலைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அவ்வளவு விளக்கமும் ஒரு நொடியில் மறந்துபோனது மகள். ஒன்பதாம் மாதத்தில் நானே பின்னிய கம்பளித் தொப்பியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டேன், என் சால்வையை நாலாக மடித்துப் போர்த்தினேன், நல்ல காரியம் செய்த நிம்மதியில் யாஸீன் ஓதிக்கொண்டு இருந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து தாதி யசோதினி மிஸ் வந்து சூடு பார்த்தால் முப்பத்தெட்டரை. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை! என்னம்மா இது, பாசத்தையெல்லாம் போத்தியா காட்டுற, கெதியாக் கழட்டுங்க, மறுகா இந்தத் தொப்பிய இஞ்ச கண்டா நான்தான் போட்டுக்கிட்டு ஊட்டுக்குப் போவன் என்று ஏசினார். அன்று பின்னேரம் தம்பிக்குத் திரும்பவும் வலிப்பு வந்தது. என் சூட்டாலா, வரவிருந்ததா என்று டொக்டரிடம் கேட்டேன், அதையும் யாராலும் சொல்ல ஏலாது என்றார்.

ஆகவே மகள், குளிராக்கவில்லை என்று நீ ஆஸ்பத்திரியைக் கோபிக்கிறாய், நானோ சூடாக்கியவள். ஏசுவதென்றால் என்னை ஏசு. வாப்பாவை விட்டுவிடு, எனக்கு வலி வந்த அன்று ஓட்டோ பிடிக்கப் பத்து நிமிடம் பிந்தியதுதான் காரணம் என்று அவர் தனக்குத் தானே முடிவு கட்டி, சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போகிறார். தம்பியைக் கெடுத்துவிட்டோம் என்று நீ கடைசியாகச் சொன்னதை அவரும் கேட்டுவிட்டார்.

போன கிழமை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்ப, வீட்டுக்கு வந்துவிட்டோம். பால் இப்போது தானாகவே உறிஞ்சுகிறான், வலிப்பு இல்லை. ஆனால் எப்படி வளருவான் என்பது மூன்று மாதம், ஆறு மாதம், நடக்கும் வயது என்று பார்த்துப் பார்த்துத்தான் தெரியுமாம். கை இறுகியே இருக்கிறதா, சத்தத்துக்கு அசைகிறானா என்று கவனிக்கச் சொன்னார்கள். கதவை அடித்தோம், கரண்டியால் தட்டினோம், எங்கள் சின்னத் துரை எதையும் சட்டை செய்யவில்லை. இன்று காலை இதை எழுதத் தைரியம் வருவதற்காக உன் ஏச்சுப் பதிவை இன்னொரு தரம் போட்டேன். மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தவன் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டான். கண்ணை அகல விரித்து, நீ கத்தி முடியும்வரை அசையாமல் கிடந்தான். பதிவு நின்றதும் முகத்தைச் சுளித்து அழுதான். நான் மூன்று தரம் போட்டேன், மூன்று தரமும் அப்படியே. வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் இன்று சோற்றை முழுக்கச் சாப்பிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, இரும்புச்சத்துக் குளிசையை விடாதே, ஏசி அறையில் தலைமுடி ஈரத்தோடு படுக்காதே. கண்குளிர்ச்சியான பிள்ளைகளைத் தா என்று தொழுகைக்குத் தொழுகை கேட்டே வந்திருக்கிறேன், உங்கள் இருவரையும் அல்லாஹ் அப்படியே ஆக்கி வைப்பானாக. மறந்துவிடாதே, தம்பிக்கு இன்னொரு பதிவு அனுப்பு. இந்தத் தரம் ஏசாமல் பேசு, ராத்தாவான உன் குரல் வேறு மாதிரியும் இருக்கும் என்று அவன் அறிய வேண்டும்.

வஸ்ஸலாம்,
உன் உம்மா
இர்ஷானா
காத்தான்குடி